ஒற்றை விரலால் நகர்த்திய டம்ளர்

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது நான்தான். மற்றவர்கள் சொல்லிக்காட்டுவதற்கு முன் இதை நானே சொல்லிவிடுவது நல்லது. அப்பா போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி, வாசலைத் தாண்ட முடியாது. அதனால் நான்தான் அலைந்தேன், நான்தான் விசாரித்தேன், "இதை விட்டா வேற கெடைக்காது" என்று அடித்துப் பேசி முடித்ததும் நான்தான். என் புருஷன் வேண்டாம் என்றார். அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள் எனக்குத் தையல் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ரெண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க ஒரு திரைச்சீலை மறைப்பு. ஜாக்கெட் தைப்பதுதான் முக்கியமான வேலை. அளவெடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்த ரெண்டு நிமிஷத்தில் வீட்டுக்கதை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். மாமியார் கதை, நாத்தனார் கதை, புருஷன் ஃபோனில் யாரோடோ பேசுகிற கதை. பதினைந்து வருஷமாக இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, யாராக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

என் புருஷனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. அவர் குட்டியானை ஓட்டுகிறார். சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பந்தல் சாமான், செங்கல், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஃபோனில் அவர் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஃபோனே வேண்டாம், அப்படியே கேட்கும். எங்கள் கல்யாணத்தன்று பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது என்று மாலையும் கழுத்துமாகச் சமையல்காரரோடு கத்தினார். என் வீட்டு ஜனம் முகம் சுண்டி உட்கார்ந்திருந்தது. கத்தி முடித்த ஐந்தாவது நிமிஷம் அவருக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும், "இன்னாடி, ஒரு டீ போடேன்" என்பார். எனக்கு முடியாது. நானும் சளைத்தவள் இல்லை, ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கத்துவேன். ஆனால் பிறகு சந்தில் தலைநீட்டிக் கேட்டவர்கள் யார் யார் என்று நினைத்து நினைத்துக் கூசிப்போவேன். சத்தம் போடாத ஒரு மனுஷனோடு ஒருநாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

தங்கை என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள், கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது என்று. கை வேலை செய்யும், வாய் அதைவிட ரெண்டு மடங்கு வேலை செய்யும். ஊசியில் நூல் நுழையவில்லை என்றால் ஊசியோடு பேசுவாள். "ஏம்மா, கண்ணைத் தொற, கொஞ்சம் ஒத்துழைப்பு குடு" என்பாள். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் கண்டக்டருடைய பெண் எந்த வகுப்பு படிக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பாள். அவளைப் பார்க்கவே சில பெண்கள் கடைக்கு வந்தார்கள். "ஒன் தங்கச்சி இல்லன்னா கட வெறிச்னு இருக்குது" என்பார்கள்.

விழுப்புரத்திலிருந்து அந்த வரன் வந்தது. மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிற வேலை. சொந்த வீடு. அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் பக்கத்தில் பேசி முடிப்பதற்கு முன் தெருவுக்குள் போய் விசாரிப்பது வழக்கம். பெண்ணின் தெருவுக்குப் பையன் வீட்டார் வருவார்கள், பையனின் தெருவுக்குப் பெண் வீட்டார் போவார்கள். டீக்கடையிலோ, இஸ்திரி வண்டியிலோ, எதிர்வீட்டிலோ, "இவங்க எப்படிங்க?" என்று கேட்பார்கள். யாரும் கெட்டது சொல்ல மாட்டார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நல்ல காரியத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்றுதான். நானே எத்தனையோ பேருக்கு "தங்கமான பொண்ணுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அதனால் வார்த்தையை நம்பக் கூடாது, முகத்தைத்தான் படிக்க வேண்டும், அது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாவு மில். நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையெல்லாம் மாவு. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ரெண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"குடி உண்டாங்க?"

"கெடையாதுமா."

"சீட்டு கீட்டு?"

"அதெல்லாம் தெரியாது அதுக்கு. வேல உண்டு, வூடு உண்டு."

"பொண்ணுங்க சமாச்சாரம் எதனா..."

"ஒரு வம்பும் கெடையாதுமா."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது என்று நான் கிளம்பியபோது அந்த அம்மா மெஷினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு அமைதி. விரலில் இருந்த மாவைத் தேய்த்துக்கொண்டே, "பொண்ணு எப்டிமா? நல்லா பேசுமா?" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. "அய்யோ, வாயே மூடாதுங்க. அவ இருக்கிற எடத்துல ரேடியோ வேணாம்" என்றேன்.

"அப்டியா" என்றார். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் மறுபடியும் மெஷினைப் போட்டுவிட்டார். கேப்பை அரைக்க ரெண்டு பேர் காத்திருந்தார்கள், அந்த அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நானும் என் புருஷனும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பையன் வந்து உட்கார்ந்தான். வெளுத்த சட்டை, ஒட்ட வாரிய தலை, குனிந்த பார்வை. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். என் புருஷன் மட்டும் டோல்கேட் நெரிசலைப் பற்றி ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார், எனக்கு மானம் போனது. சாப்பிட உட்கார வைத்தார்கள். பையனின் அம்மா பரிமாறிவிட்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், காலி டம்ளரை ஒற்றை விரலால் கொஞ்சம், ஒரு அங்குலம் இருக்கும், முன்னால் தள்ளினான். அவ்வளவுதான். அந்த அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

எனக்கு மெய்சிலிர்த்துப்போனது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சிலிர்த்தது. வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டாத அளவுக்கு ஒருவரை ஒருவர் புரிந்துவைத்திருக்கிறார்களே, என்ன வீடு இது, என்ன பிள்ளை இது என்று நினைத்தேன்.

திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார் என் புருஷன். டீயை ஊதிக்கொண்டே, "அந்தம்மா ஏன் அவன் மூஞ்சியையே பாத்துக்கினு நிக்குது? அது துண்ணவே இல்ல, பாத்தியா?" என்றார்.

"பாசம். அது உங்க வூட்ல ஏது?"

"பாசமா? பயந்துகினு இல்ல நிக்குது. எனக்கு என்னமோ புடிக்கலடி. பேசாத ஆளுகிட்ட எப்படி சண்ட போடறது?"

"சண்ட போடணும்னே கல்யாணம் பண்றாங்களா? உங்க கணக்குல கத்தறவன்தான் மனுசன்" என்று அங்கேயே, டீக்கடையில் நாலு பேர் பார்க்க, வெடுக்கென்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போண்டா வாங்கப் போனார். அவருக்கு அது அந்த நிமிஷத்தோடு மறந்துபோயிருக்கும்.

உண்மையை எழுதுவதென்றால் முழுதாக எழுத வேண்டும். எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று. தப்பான அர்த்தத்தில் இல்லை. ஆனால் மூத்தவள், தங்கைக்குப் பார்க்கிறவள் என்கிற அளவோடும் அது நிற்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன் எனக்கு இப்படி ஒருவன் வந்திருக்கக் கூடாதா என்று வண்டியில் வரும்போது நினைத்தேன். பசித்தவள் கடைக்குப் போன மாதிரிதான் நான் விழுப்புரம் போயிருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் பார்க்கவேயில்லை, எனக்கு என்ன கிடைக்கவில்லையோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் கேட்டபோது, "நீ பாத்தா சரியா இருக்கும்கா" என்றாள். அதற்கப்புறம் பத்து நிமிஷம் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று பேசினாள்.

கல்யாணம் ஆகி ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் ஃபோன் செய்தாள், சிரித்துக்கொண்டே.

"அக்கா, ஒங்க மாப்ள மௌனவிரதம் இருக்காரு. இன்னியோட பதினோரு நாள்."

"ஏன்டி?"

"அவர் ஃப்ரெண்டு கல்யாணத்துல நான் சத்தமா சிரிச்சிட்டனாம். அதுவும் அவரு சொல்லல, நானா கண்டுபுடிச்சேன். வேற எதாச்சும் இருந்தாலும் இருக்கும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அக்கா என்கிற திமிரோடு, ஆயிரம் குடும்பத்தின் கதை கேட்டவள் என்கிற திமிரோடு சொன்னேன். "நீதான் கொஞ்சம் வாயக் கொறச்சுக்கணும். அமைதியான ஆளுக்கு அமைதியாத்தான் இருக்கணும். போயி ஒரு சாரி சொல்லிடு, வாய் தேஞ்சா பூடும்? கருவாட்டுக் கொழம்பு வச்சுக் குடு. தானா வழிக்கு வருவாரு."

அவள் சொன்னாள். அவனும் பேசினான். "பாத்தியா, அக்கா சொன்னா கேக்கணும்" என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பிறந்தவீட்டுக்கு வந்து ஒருநாள் கூடுதலாகத் தங்கியதற்கு மூன்று வாரம். பக்கத்து மாவு மில் அம்மாவோடு நின்று பேசியதற்கு ஒரு மாதம். சில சமயம் எதற்கு என்றே தெரியாது. அவள் ஃபோன் செய்வாள், எந்த மாதிரி சாரி கேட்பது என்று நான் சொல்லிக்கொடுப்பேன். "இந்தத் தடவ அவர் கால்மாட்டுல ஒக்காந்து சொல்லு." "இந்தத் தடவ அவங்க அம்மாவ வுட்டு சொல்லச் சொல்லு." "அமாவாசைக்கு மேல்மலையனூர் போயி அம்மனுக்கு வேண்டிக்கோ." அதையும் செய்தாள். நிறைமாதக் கர்ப்பிணியாக அந்தக் கூட்டத்தில் நின்று, "என் புருஷன் என்னோட பேசணும்" என்று வேண்டிக்கொண்டாள். எவ்வளவு சின்ன ஆசை! அதைக் கேட்டபோதாவது என் புத்திக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கவில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? என் கடைக்கு வருகிறவர்களில் கன்னத்தில் தடத்தோடு வருகிறவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, நம் மாப்பிள்ளை எவ்வளவோ தேவலை என்று நான் மூச்சு விடுவேன். தங்கையின் ஃபோன்கள் குறைந்தன. பேசினாலும் "ம்", "சரிக்கா", "வெச்சிடறேன்" என்று முடித்துக்கொண்டாள். அவள் குடும்பப் பெண்ணாக ஆகிவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் என் வாயிலேயே நான் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போனபோது, சமையலறையில் அந்த மாமியார் அம்மாவிடம் லேசாக இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "இந்த வூட்டு ஆம்பளைங்க அப்டித்தான்மா. அவங்க அப்பா என்னோட ரெண்டு வருசம் பேசல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சாவும்போது கேக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள நெனவு போயிடுச்சு."

அந்த அம்மா அதை அழாமல் சொன்னார். கரண்ட் போன கதை சொல்கிற மாதிரி சொன்னார். நானும் "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு, கேக் வெட்ட வெளியே வந்தேன்.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம். திரைக்குப் பின்னால் ஒரு அம்மாவுக்கு முதுகு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் தங்கை தெரிந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் நாலு வயதுப் பெண். வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை, அக்கா என்று கூப்பிடவில்லை, நான் பார்க்கிற வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கதவைத் தள்ளும்போதே கத்திக்கொண்டு வருகிறவள் அவள்.

வந்த அம்மாவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். குழந்தை பாயில் படுத்துத் தூங்கிப்போனது. உடம்பு லேசாகச் சுட்டது.

"மூணு மாசம் ஆவுதுக்கா" என்றாள்.

"பேசியா?"

"ம்."

"சாரி சொன்னியா?" என்றேன். பாருங்கள், அப்போதும் என் வாயில் வந்தது அதுதான்.

"அதெல்லாம் எண்ணிக்கையே இல்லக்கா. புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். முந்தாநாள் ஒடம்பு தீயா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கன்னேன். ஃபோனையே பாத்துக்கினு இருக்காரு. நான் எதுக்குன்னே தெரியல, எதுவா இருந்தாலும் தப்புதான், மன்னிச்சிடுங்க, வாங்கன்னு கெஞ்சறேன். தல நிமிரல. டம்ளர இப்டித் தள்ளனாரு."

ஒற்றை விரலால் தரையில் தள்ளிக் காட்டினாள்.

"நான் புள்ளைய கீழ போட்டுட்டுப் போயித் தண்ணி கொண்டாந்து வச்சேன்கா. கொதிக்கிற புள்ளைய வெறுந்தரைல போட்டுட்டுப் போயி வச்சேன். அப்பதான் எனக்கு என்னப் பாத்தே பயமாயிடுச்சு. மில்லுக்கார அம்மாதான் ஆட்டோ புடிச்சு இட்டுக்கினு போனாங்க."

நான் என்னென்னவோ கத்தினேன். அவன் குடும்பத்தையே கரித்துக் கொட்டினேன். அவள் தடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டாள். "நீ விசாரிக்கப் போனியே, இன்னா கேட்டக்கா?"

"குடிக்கறானான்னு கேட்டேன். சீட்டாடறானான்னு கேட்டேன். வேற பொண்ணு..."

"பேசுவானான்னு கேக்கலியா?"

கோபத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டார், மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், நான் பெருமையடித்துக்கொண்டு வந்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் தனியாக விழுப்புரம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில்தான் இருப்பான். அவனை நாறடித்துவிட்டு வருவதாகத்தான் திட்டம். சண்டையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் எங்கள் சந்தில் யாரும் கிடையாது.

அவன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் ஆரம்பித்தேன். "நீங்கல்லாம் மனுசன்தானா? பெத்த புள்ள காய்ச்சல்ல கெடக்குது..." என்று தொண்டை கிழியப் பேசினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. முறைக்கவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. அங்கே ஆளே இல்லாத மாதிரி ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் இன்னும் கத்தினேன். அவன் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்க ஆரம்பித்தது. ஏதோ பைத்தியக்காரி அடுத்த வீட்டுக்குள் புகுந்து கத்துகிற மாதிரி இருந்தது. ஏதாவது சொல்லேன்டா, திட்டேன்டா, வெளியே போ என்றாவது சொல்லேன் என்று உள்ளே தவித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. என் வாய் தானாகச் சொன்னது.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. எதோ ஆத்திரத்துல பேசிட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. நான்! புருஷனிடம்கூட ஒருநாளும் மன்னிப்புக் கேட்காதவள், நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கும்போது, பத்தே நிமிஷத்தில் இவன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என் தங்கை ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். அவன் அப்போதும் தலை நிமிரவில்லை. அவனுடைய அம்மா சமையலறை வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன். மாவு மில் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கேட்காமல்தான் கொண்டுவந்தார். ஆனால் "குடிம்மா" என்று வாயால் சொன்னார்.

"நீங்களாவது அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? நீ கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தான் சொன்னேன். பேசாத இருக்கிறான்னு சொன்னா கல்யாணத்த நிறுத்துவியா? நல்லதாப் போச்சுன்னுதான் போயிருப்ப."

சரிதான். அப்படித்தான் போயிருப்பேன்.

கத்துகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் புருஷன் ஒருதடவை சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தவர்தான், அதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. நான் சொல்ல வருவது வேறு. எனக்கு ஒரு குணம் பிடிக்கவில்லை என்பதற்காக அதற்கு நேரெதிரான குணத்தை நல்ல குணம் என்று நம்பிவிட்டேன். ஒரு ஆள் என்ன செய்யவில்லை என்று பட்டியல் போட்டுக் கேட்டேன், என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்த டம்ளர் நகர்ந்தது. என் புருஷன் அவனுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நான் பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வேறெப்படி இருக்கும்? அவள் மறுபடியும் கொக்கி வைக்கிறாள். நூல் நுழையவில்லை என்றால் நுழையும் வரைக்கும் பேசாமல் முயற்சி செய்கிறாள். கடைக்கு வருகிற பழைய பெண்கள், "இன்னாடி, பேசவே மாட்டேங்கிற" என்று சீண்டினால் சிரிக்கிறாள், சத்தமில்லாமல். என் புருஷன் குரலை உயர்த்தினால் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். அவரும் முடிந்தவரை மெதுவாகப் பேசிப் பார்க்கிறார். அவருக்கு வரவில்லை. கொஞ்சநாளில் பழைய பேச்சு திரும்பிவிடும், பேசப் பேச வந்துவிடும் என்று நான் அம்மாவுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழந்தைக்கு மல்லாட்டைத் துவையல் காரமாக இருந்தது போலிருக்கிறது. தட்டில் கைவைக்காமல் கொஞ்சநேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை ஒற்றை விரலால், ஒரு அங்குலம், முன்னால் தள்ளினாள்.

தங்கை எழுந்துவிட்டாள். வாயில் வைத்த கவளம்கூட உள்ளே போகவில்லை.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். "ஒக்காரு நீ. ஏ குட்டி, வாயத் தொறந்து கேளு. தண்ணி வேணும்னு கேளு, பெரியம்மா ஜல்தியா தர்றேன்" என்றேன். என் புருஷனும் "கேளு கண்ணு" என்று தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். குழந்தை கேட்கவில்லை. எங்களைப் பார்க்கவுமில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை என் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தாள். அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுப்புரத்தில் அவள் மாமியார் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்த மாதிரி.

"சாரிம்மா" என்றாள் தங்கை. நாலு வயதுக் குழந்தையிடம். "அம்மா சாரிம்மா. அம்மாகிட்ட பேசுமா."

என் பிடி தளர்ந்துவிட்டது. அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குழந்தை குடித்தாள். அந்த ஒரு வார்த்தையை என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இதே அறையில் உட்கார்ந்து, ஃபோனில், வாய் தேஞ்சா பூடும் என்று கேட்டு.